கதவுக்கு மேலே ஓர் இடைவெளி

எனக்குச் சந்தேகப் புத்தி. கடையில் பால் வாங்கினால் முன்வரிசைப் போத்தலை எடுக்கமாட்டேன். நல்லதைப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள் என்று கையை விட்டுத் துழாவுவேன். (மனைவி அப்போது அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.) அப்படிப்பட்டவன் வீடு கட்டும் வேலையை மனைவியின் தம்பியிடம் கொடுத்திருக்கவே கூடாது.

மச்சான் குகன் கட்டடக் கலைஞன். சிட்னிக்கு மேற்கே மலைச்சரிவில் எங்களுக்கொரு மரவீடு கட்டினான். பழைய பாணியில், முழு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி. அதுதான் அவனுடைய முதல் வீடு. புதுவீடு புகும் குடிபூரலுக்கு, சிட்னியில் ஹோம்புஷ் பகுதியில் இருக்கும் அங்கிள் ஒருவரை அழைத்திருந்தான். அவருக்குப் பிடித்தால் அடுத்தது அவருடைய வீடு. பிடிக்காவிட்டால் பழையபடி யாராவது ஒருவரின் கராஜுக்குப் படம் கீறவேண்டியதுதான்.

வேலை முடிகிற நேரம் வாசற்கதவுக்கு மேலே பார்த்தேன். நிலைக்கும் சுவர் மரத்துக்கும் நடுவே என் உள்ளங்கை நுழைகிற இடைவெளி! குகன் அதன்மேல் ஓர் அலங்காரப் பலகையை அடித்து மறைக்கப் போனான்.

“என்னடாப்பா, அளவு பிழைச்சுப் போச்சோ?”

“இல்லை அத்தான். மரம் காயக் காயச் சுவர் கீழ இறங்கும். அதுக்குத்தான் இடம் விட்டனான்.”

சுவர் இறங்குமாம்! யாருக்குக் காது குத்துகிறான்? அவன் சாப்பிடப் போன நேரம், காரில் கிடந்த என் பழைய கிரிக்கெட் மட்டையை அறுத்து, துண்டுகளை இடைவெளிக்குள் சுத்தியலால் இறுக்கினேன். பலகையையும் நானே அடித்தேன். (“அத்தான் உதவி செய்தவர்” என்று அவன் அக்காவிடம் பெருமையாகச் சொன்னான், பாவி.)

குகனின் அம்மா, அதாவது என் மாமி, நல்ல நாள் பார்த்துப் பார்த்தே குடிபூரல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அன்று காலை கதவைத் தோளால் இடித்துத்தான் திறந்தேன். அப்போதும் மச்சானின் வேலையில்தான் சந்தேகப்பட்டேன்.

மாமி பால்பானையோடு வலதுகாலை வைத்து உள்ளே போனதும் மலைக்காற்று கதவை அடித்துச் சாத்தியது. பிறகு அது அசையவே இல்லை. ஜன்னலால் ஏறலாம் என்றால் அந்தப் பக்கம் முழுக்கப் பள்ளம்.

“பால் பொங்குது! ஒருத்தரும் வராம அங்க நிண்டு என்ன செய்யிறியள்?” என்று உள்ளேயிருந்து மாமி கத்தினார்.

“முதல் நாளே கதவு திறக்காத வீடு,” என்றார் ஹோம்புஷ் அங்கிள்.

குகனின் முகம் செத்துப்போனது. நானோ, “நான் அப்பவே சொன்னனான்,” என்றேன். (வெட்கம் கெட்டவன்.)

குகன் ஏணி வைத்து அலங்காரப் பலகையைக் கழற்றினான். உள்ளே மரத்துண்டுகள் நசுங்கிக் கிடந்தன, நிலை வளைந்திருந்தது. ஒன்றைத் தட்டி எடுத்தான். அதில் பச்சை மார்க்கரில், என் கையெழுத்தில், என் பெயர்.

“சுவர் இறங்கத்தான் இடம் விட்டனான் அங்கிள்,” என்று துண்டை அவரிடம் நீட்டினான். எனக்கு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே குதிக்கலாம் போல இருந்தது.

எல்லாத் துண்டுகளையும் எடுத்ததும் கதவு திறந்தது. அங்கிள் என் மட்டைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப சுவர் உண்மையாவே இறங்கியிருக்கு. என்ர வீட்டையும் நீரே கட்டும், தம்பி. ஆனா ஒண்டு, வேலை நடக்கிற பக்கம் இவரைக் கூட்டிக்கொண்டு வராதேயும்.”

இப்போதும் எந்தக் குடிபூரலுக்குப் போனாலும் மாமி என் கையைத்தான் முதலில் பார்ப்பார். “மட்டை ஏதும் கொண்டு வந்தனீரோ?”

குகன் கட்டிய வீடுகள் மலையின் மற்றப் பக்கச் சரிவில் வரிசையாக நிற்கின்றனவாம். நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். கதவுக்கு மேலே மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்பேன்.