மிதிநாட்டுக்கு மரியாதை வந்த கதை

மிதிநாட்டில் சைக்கிளைத் தவிர வேறு வாகனம் கிடையாது. மாப்பிள்ளை அழைப்பும் சைக்கிளில்தான், மருத்துவர் வருவதும் சைக்கிளில்தான். அடிவாரத்தில் கறவை மாடுகளும் வயல்களும் இருந்தன; மலைமேல் தலைநகரம் இருந்தது. இரண்டையும் இணைக்க வளைந்து வளைந்து ஏறும் ஒரே ஒரு சாலை. அந்தச் சாலை நன்றாக இருந்தால் நாடு நன்றாக இருந்தது.

நாட்டை ஆண்டவருக்கு முதற்சவாரி என்று பட்டம். அவருடைய சைக்கிள் மன்றத்தின் நடுவே ஸ்டாண்டு போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். தினமும் காலையில் அவர் அதில் ஏறி உட்கார்ந்து மிதிப்பார். பின்சக்கரம் விர்ரென்று சுற்றும். அதிகாரிகள் கைதட்டி, நாடு இன்றும் முன்னேறிவிட்டது என்று அறிவிப்பார்கள்.

உண்மையிலேயே மலை ஏறியவர்களில் ஒருத்தி வேம்பு. கணவன் இறந்த பிறகு அவனுடைய கனத்த சைக்கிளை எடுத்து, பின்னால் இரு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டு, அடிவாரத்திலிருந்து தலைநகரத்துக்குப் பால் கொண்டுபோனாள். அவளைப்போல் காய்கறி, கருவாடு, விறகு என்று பாரம் ஏற்றிப் போகிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு வகையினர், மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட வண்டிகளில் தபாலும் செய்தித்தாளும் மருந்தும் கொண்டுபோகிறவர்கள். அவர்களில் ஒருவன் பரிதி.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் எப்போதும் ஒரு செல்லச் சண்டை உண்டு.

"யக்கா, பாலு தயிராகுறதுக்குள்ள மேல போய்ச் சேருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பரிதி வருவான்.

"நீ கொண்டுபோற கடுதாசில என்ன நல்ல சேதியா இருக்கு? மெதுவாவே போ தம்பி, ஊரு கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும்" என்பாள் வேம்பு.

கேலி ஒரு பக்கம் நடந்தாலும், செங்குத்தான வளைவு வந்ததும் பரிதியின் இடது கை நீளும். அவள் வண்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அடுத்த திருப்பம் வரை தள்ளிவிட்டுத்தான் தன் வழியில் போவான். மேலே மொட்டைவெளியில் எதிர்க்காற்று அடித்தால் பாரவண்டிகள் முன்னால் போய்க் காற்றை மறைக்கும். மெல்லிய வண்டிகள் பின்னால் ஒதுங்கி வரும். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு ஒதுங்குவான். பஞ்சரானவனைத் தாண்டி யாரும் போவதில்லை. இதையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் இரு கூட்டமும் வண்டிகளை மாற்றிக்கொண்டு பந்தயம் விடும். தோற்றவர்கள் சமைக்க வேண்டும். ஒருமுறை பரிதி காலி கேன்களோடு முதல் வளைவிலேயே சாய்ந்து விழுந்து, வேம்புவும் விறகுக்காரர் சடையனும் அவனைத் தூக்கமுடியாமல் சிரித்தார்கள்.

அந்த வருஷ மழை சாலையைத் தின்றுவிட்டது. வளைவுக்கு வளைவு குழி. குழிகளை மூடச் சொல்லி இரண்டு கூட்டமும் ஒன்றாகப் போய் மன்றத்தின் முன்னால் நின்றன. முதற்சவாரி சக்கரத்தை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டார். மரியாதைத்துறைச் செயலர் நன்னெறிநாதர் பதில் படித்தார்.

"சாலையில் குழிகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். குழி என்பது விளைவு. மரியாதைக் குறைவே காரணம். ஒருவருக்கொருவர் மரியாதையோடு விலகத் தெரிந்தவர்களுக்குக் குழியிலிருந்து விலகத் தெரியாதா? ஆகவே அரசு, குழியை மூடும் சிறிய வேலையை விடுத்து, மரியாதையை வளர்க்கும் பெரிய வேலையை மேற்கொள்கிறது."

முதல் சட்டம் வந்தது. எதிரெதிரே வருகிறவர்கள் இறங்கி நின்று, "முதற்சவாரியின் அருளால் தாங்கள் முன்செல்க" என்று சொல்ல வேண்டும். மற்றவர் அதே வாழ்த்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மேட்டில் ஒருமுறை இறங்கிவிட்டால் பாரவண்டியை மறுபடி கிளப்புவது லேசில்லை. வேம்பு தலைநகரம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிப் பால் திரிந்துபோனது. செய்தித்தாள்கள் பழசாகி வந்தன. மருந்துகள் ஆள் போன பிறகு வந்தன.

தாமதத்துக்குக் காரணம், யார் யாருக்கு எவ்வளவு மரியாதை என்பதில் தெளிவில்லாததுதான் என்று அரசு கண்டுபிடித்தது. இரண்டாவது சட்டம் வந்தது. பாரம் ஏற்றுபவர்கள் சுமையர், ஹேண்டில்பாரில் வட்ட வில்லை. மற்றவர்கள் விரைவர், சதுர வில்லை. இரண்டிலும் சேராமல் சும்மா கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்தவர்கள் திண்டாடினார்கள். ஒரு வாத்தியார் துறை அலுவலகத்தில் போய்க் கேட்டதற்கு, சாப்பாட்டுத் தூக்கு வைத்திருக்கும் நாளில் அவர் சுமையர் என்றும், அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தால் விரைவர் என்றும் விளக்கம் தரப்பட்டது. அவர் பட்டினி கிடந்து விரைவராகவே இருந்துவிட்டார்.

மூன்றாவதாகக் கோடு வந்தது. சாலையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வெள்ளைக்கோடு போட்டார்கள். குழிகளுக்குள்ளும் இறங்கி ஏறிக் கோடு ஒழுங்காகப் போனது. சரிவுப்பக்கம் சுமையருக்கு, மலைப்பக்கம் விரைவருக்கு. ஒரு பிரிவினர் மற்றவரைத் தொடுவது அவமதிப்பு. வளைவுதோறும் மரியாதைக் காவலர்கள் நின்றார்கள்.

கோடு போட்ட அன்று மேற்பார்வையிட வந்த நன்னெறிநாதரிடம் வேம்பு கேட்டாள். "பின்னால கை வச்சுத் தள்ளலைன்னா இந்த மேட்டுல நான் எப்படிங்கய்யா ஏறுவேன்?"

"அம்மையே, இத்தனை காலம் தாங்கள் பிறரால் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். எவ்வளவு பெரிய அவமானம்! அதை உணராதிருந்ததே அந்த அவமானத்தின் ஆழத்தைக் காட்டுகிறது" என்றார் அவர்.

வேம்புவுக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை. ஆனால் அவளோடு நின்ற சுமையர் சிலர் யோசனையில் ஆழ்ந்ததை அவள் பார்த்தாள்.

யோசனை வளர்ந்தது. தங்களைச் சரிவின் விளிம்பில் தள்ளிவிட்டு விரைவர் பத்திரமாகப் போகிறார்கள் என்று சுமையர் பேசினார்கள். மலையிலிருந்து கல் உருளும் பக்கத்தைத் தங்கள் தலையில் கட்டிவிட்டுச் சுமையர் காற்று வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று விரைவர் பேசினார்கள். இரண்டு தரப்பும் தனித்தனியாக மன்றத்துக்குப் போயின. இரண்டு தரப்புக்கும், "கோட்டை மறுபக்கம் நகர்த்தித் தருகிறோம், தேர்தல் முடியட்டும்" என்று ஒரே பதில் காதோடு சொல்லப்பட்டது.

பரிதியும் வேம்புவும் முதலில் காவலருக்குப் பயந்து பேச்சை நிறுத்தினார்கள். பிறகு காவலர் இல்லாத வளைவுகளிலும் பேசவில்லை. அது எப்படிப் பழக்கமாயிற்று என்று வேம்பு சில நாள் நினைத்துப் பார்த்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள்.

பனி மூடிய ஒரு காலையில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தபோது கோட்டுக்கு அந்தப்புறம் தடாலென்று சத்தம் கேட்டது. குழிக்குள் முன்சக்கரம் மாட்டிப் பரிதி தூக்கி எறியப்பட்டிருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. பின்னால் வந்த விரைவர் ஒருவர் இறங்கி நின்றார். "முதற்சவாரியின் அருளால் தாங்கள் முன்செல்க" என்றார். கீழே கிடந்தவன் பதில் வாழ்த்துச் சொல்லவில்லை. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். சங்கடத்தோடு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வேம்பு பால் கேன்களைக் கழற்றினாள். மேட்டில் நிறுத்தி வைக்க இடமில்லை, இரண்டையும் அங்கேயே கவிழ்த்தாள். பால் ஓடிப்போய்க் குழியில் நிறைந்தது. கோட்டைத் தாண்டிப்போய் அவனைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"யக்கா... கோடு" என்று முனகினான் பரிதி.

"அது கெடக்குது. நீ என் இடுப்பப் பிடிச்சுக்க."

அவனைக் கேரியரில் உட்காரவைத்து, பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி அடிவாரத்து வைத்தியசாலைவரை இறங்கினாள். வாசலில் மரியாதைக் காவலர் நின்றிருந்தார்.

வழக்கை நன்னெறிநாதரே விசாரித்தார். கால் எப்படி முறிந்தது என்று அவர் கேட்கவில்லை. கோடு எப்படித் தாண்டப்பட்டது என்பதே கேள்வி.

"விரைவரே, கவனமாகக் கேளும். நீர் உதவிக்கு அழைத்து இவள் வந்தாள் என்றால் குற்றம் உம்முடையது. உம் வில்லை பறிக்கப்படும், வேலை போகும். இவளே வந்து உம்மைத் தள்ளினாள் என்றால் குற்றம் இவளுடையது. மூன்றாவது பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை."

கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த பரிதி கட்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். வேம்பு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையைப் பார்த்தபடி, "அவங்கதான் தள்ளுனாங்க" என்றான்.

அவளுடைய சைக்கிளைக் காவலர்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். வேம்பு அழவில்லை. வீடுவரை நடந்துபோய், கேன் கழுவும் தொட்டிக்கருகில் உட்கார்ந்து, கழுவ எதுவும் இல்லாமல் கையைத் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தாள்.

தேர்தல் வந்தது. சாலையின் மலைப்பக்கம் முழுக்கப் பரிதியின் முறிந்த கால் சுவரொட்டிகளில் தொங்கியது. 'சுமையர் செய்த கொடுமையைப் பாரீர்! விரைவரைக் காப்பவர் முதற்சவாரி!' சரிவுப்பக்கம் முழுக்க வேம்புவின் முகம். 'விரைவன் சொன்ன பொய்யைப் பாரீர்! சுமையரைக் காப்பவர் முதற்சவாரி!' இரண்டிலும் ஓரத்தில் அவர் அதே சிரிப்புச் சிரித்தார்.

சுமையர் கூட்டத்துக்கு வேம்புவை அழைத்தார்கள். மேடையில் அவள் சைக்கிளுக்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். இரண்டு வார்த்தை பேசினால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. வேம்பு மைக்கைப் பிடித்தாள். எதிரே தெரிந்த முகங்களெல்லாம் பழகிய முகங்கள்.

"அந்தத் தம்பி என்னப் பத்திப் பொய் சொன்னது நெசந்தான்" என்றாள். கைதட்டல் இடித்தது. அது ஓயும்வரை நின்றாள். "ஆனா அவன் விழுந்தது என்னால இல்ல. உங்களாலயும் இல்ல. அங்க ஒரு குழி இருக்கு. நாம எல்லாரும் தெனமும் சுத்திக்கிட்டுப் போற குழி. அத மூடச் சொல்லித்தான் மொதல்ல ரெண்டு பேரும் சேந்து போனோம். மறந்துட்டீங்களா?"

முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு யாரோ, "விரைவனுக்கு வெலபோயிட்டாடா!" என்று கத்தினார்கள். செருப்பு ஒன்று வந்து விழுந்தது. சடையன் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். அவர் கோபமாகக்கூட இல்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்: "ஏம்மா, குழி இருக்குன்னு எனக்குந் தெரியும். இந்த நேரத்துல சொல்லலாமா? அவனுகளுக்குல்ல சாதகமாப் போயிரும்."

மறுநாள்தான் அவளுக்குச் சேதி தெரிந்தது. அதே மாலை, விரைவர் மைதானத்தில், ஊன்றுகோலோடு மேடையேறிய பரிதியும் குழியைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுடைய ஆட்களே அவனை அடித்துப் போட்டிருக்கிறார்கள்.

முதற்சவாரி முன்னெப்போதும் இல்லாத வெற்றி பெற்றார். பதவியேற்ற கையோடு நான்காவது சட்டம் வந்தது. நாட்டில் சுமையர், விரைவர் தவிர, குழியர் என்றொரு மூன்றாம் பிரிவு இருப்பது தெரியவந்திருப்பதாக நன்னெறிநாதர் அறிவித்தார். "நல்லவர் கண்ணுக்குச் சாலை தெரியும், இவர்கள் கண்ணுக்குக் குழி தெரியும். பார்வைக் கோளாறு தொற்றக்கூடியது. ஆகவே இவர்களுக்கு வில்லை இல்லை, வாகனம் இல்லை, சாலையிலும் பக்கம் இல்லை."

சாலையோரத்து மழைநீர் வாய்க்கால்தான் அவர்களுக்கு மிஞ்சியது. தலையில் கூடையோடு வேம்பு அதில் நடந்துபோனபோது எதிரே ஊன்றுகோலை ஊன்றி ஊன்றிப் பரிதி வந்தான். இருவரும் நின்றார்கள். அவனிடம் கேட்க அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"காலு எப்படி இருக்கு?"

"குளிருக்கு வலிக்குதுக்கா."

"ஈரத்துல நிக்காத. வா."

நாளாக ஆக வாய்க்காலில் ஆட்கள் கூடினார்கள். குழியில் விழுந்தவர்கள், விழுந்தவர்களைத் தூக்கியவர்கள், பட்டினியில் மயங்கிக் குழியருகே கிடந்த அந்த வாத்தியார். மேலே சாலை இன்னும் மோசமானது. கோட்டுக்குப் புது வெள்ளை அடித்தார்கள்.

ஒருநாள் காலை மேலே சாலையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. வேம்பு நின்றாள். சுமையர் குரலும் விரைவர் குரலும் கலந்து கேட்டன. ஒருவர் எதிரே இருந்தவரின் வண்டியைக் கேலி செய்ய, மற்றவர் பதிலுக்குக் கேலி செய்தார். எத்தனையோ காலமாக அந்தச் சாலையில் கேட்காத சிரிப்பு அது.

"பரிதி, சேந்துட்டாங்கப்பா!" என்றாள். கரையைப் பிடித்து ஏறித் தலையை உயர்த்திப் பார்த்தாள்.

வட்ட வில்லைக்காரர்களும் சதுர வில்லைக்காரர்களும் கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நன்னெறிநாதர் நின்று பேசிக்கொண்டிருந்தார்: "நாட்டின் இரு கண்களே! சாலை ஏன் உள்வாங்குகிறது என்று இப்போது விளங்குகிறதா? வாய்க்காலில் நடப்பவர்கள் அதை அடியில் குடைகிறார்கள்."

சடையன்தான் முதலில் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் சங்கடம் வந்து போனது. பக்கத்திலிருந்த விரைவரின் தோளைத் தொட்டு அவளைக் காட்டினார். இருவரும் எழுந்தார்கள். மற்றவர்களும் எழுந்தார்கள். சாலை பெயர்ந்து கிடந்ததால் கல்லுக்குப் பஞ்சமில்லை. சடையன் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மண்ணைத் துடைத்து, விரைவரிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல" என்றார்.

"அட, அது மொறையில்ல" என்று விரைவர் பணிவோடு பின்வாங்கினார். "நீங்க பெரியவங்க. நீங்க மொதல்ல."