நான் சாகடித்த செல்லையா

வாசகர் வட்டத்தின் தலைவராக இருப்பவருக்கு வாசிக்கும் பழக்கம் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தவன் நான்.

எனக்குத் தென்காசியில் ஜெராக்ஸ் கடை. இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரம், மார்க் ஷீட், ஜாதகம் என்று ஊரிலுள்ள எழுத்தெல்லாம் என் கண் முன்னால்தான் ஓடுகிறது. அதில் ஒரு வரிகூட நான் வாசித்ததில்லை. (வாசிக்கவும் கூடாது. ஊரார் பத்திரத்தை எல்லாம் வாசித்தவன் ஊருக்குள் குடியிருக்க முடியுமா?)

வீடு குத்துக்கல்வலசையில். வயலைப் பிளாட் போட்டு உண்டான தெரு, மொத்தம் இருபத்திரண்டு வீடு. சுரண்டைக்காரர் ஒருவர், செங்கோட்டைக்காரர் ஒருவர் என்று திசைக்கு ஒருவராக வந்து வீடு கட்டி, கேட்டைச் சாத்திக்கொண்டோம். சண்டை வந்தால் மட்டும் கேட்டைத் திறப்போம். பலசரக்குக் கடை கணபதி அண்ணாச்சியும் அடுத்த வீட்டு பஸ் டிரைவர் ஜேம்ஸும் சாக்கடைச் சரிவு யார் பக்கம் என்பதில் முறைத்துக்கொண்டு இரண்டு வருடம் பேசாமலே இருந்தார்கள்.

அந்தத் தெருவுக்குள் ஒரு புத்தகம் வந்தது. அண்ணாச்சி பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிய பழைய தாளில் கிடந்த தடித்த நாவல். அட்டை இல்லை, முதல் சில பக்கங்கள் இல்லை. அதனால் கதைக்கும் பெயர் தெரியாது, எழுதிய புண்ணியவானுக்கும் பெயர் தெரியாது. மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் அண்ணாச்சி அதைப் பிரித்திருக்கிறார். நான்கு நாள் கடையில் சீனி கேட்டவருக்கு ரவை போனது. படித்து முடித்ததும் மனதில் வைத்துக்கொள்ள முடியாமல், சாமான் வாங்க வந்த ஜமீலா அக்காவிடம் கொடுத்தார். ஜமீலா அக்காவின் கணவருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. அக்கா தினம் ஓர் அத்தியாயத்தை வாசித்துக் குரல் பதிவாக அவருக்கு அனுப்ப, அங்கே அவருடைய அறையில் தங்கியிருந்த ஆறு பேரும் வேலை விட்டு வந்து சுற்றி உட்கார்ந்து கேட்டார்களாம்.

வாசகர் வட்டம் ஆரம்பிப்போம் என்றது ஜமீலா அக்காதான். விதிகளும் அவர்தான் போட்டார். ஒரு வீட்டில் இரண்டு வாரம். பிறகு அடுத்த வீட்டுக்கு நேரில் போய், கையில்தான் கொடுக்க வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும். படித்தவர் கடைசியில் சேர்த்துத் தைத்த வெள்ளைத்தாளில் ஒரு வரி எழுத வேண்டும். தலைவர் யார் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும், லெட்டர் பேடு இலவசமாக அடித்துத் தருகிறேன் என்றேன். மறுநாளே என் பெயரும் பதவியும் கொட்டை எழுத்தில் வந்துவிட்டன. வாசகர் வட்டம் என்பது அதற்குக் கீழே சின்னதாக இருந்தது.

தலைவர் என்ற முறையில் முதல் இரண்டு வாரமும் எனக்கு, முதல் வரியும் எனக்கு என்று வாங்கிக்கொண்டேன். உள்ளதைச் சொல்கிறேன், அறுபது பக்கம் படித்தேன். கதாநாயகன் செல்லையா, வீட்டில் கோபித்துக்கொண்டு படகில் வேலைக்குப் போகிறான். அதற்குமேல் தூக்கம். பதினான்காம் நாள் புத்தகத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், பின்பக்கமாக ஓர் இடத்தைக் குத்துமதிப்பாகத் திறந்தேன். படகு கவிழ்ந்திருந்தது. செல்லையாவின் அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது போதும் எனக்கு. பேனாவை எடுத்து அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'செல்லையாவின் மரணம் என்னை உலுக்கிவிட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. – தலைவர்.'

அதன்பிறகு தெருவில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். புத்தகம் வீடு வீடாக நகர நகர, கேட்டுகள் திறந்தன. அண்ணாச்சி விதிப்படி ஜேம்ஸ் வீட்டு வாசலில் போய் நின்று, ஒரு வார்த்தை பேசாமல் புத்தகத்தை நீட்டினார். அவரும் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கினார். பத்தாவது நாள் ஜேம்ஸ் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணாச்சி, செல்லையா வருவானா, மாட்டானா?" என்று கேட்டாராம். "படியும்வே" என்றாராம் அண்ணாச்சி. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். சாக்கடைச் சரிவு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, சண்டைதான் இல்லை.

பெண்கள் சாயங்காலம் கூடிக் கூடிப் பேசிச் சிரித்தார்கள். நான் அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று நிறுத்தி, "வாங்க தலைவரே" என்பார்கள். பதவிக்குக் கிடைக்கும் மரியாதை என்று நினைத்துக்கொள்வேன். (இந்த அறிவை வைத்துக்கொண்டு கடை எப்படி நடத்துகிறேன் என்று என் மனைவி மீனா கேட்பது நியாயம்தான்.)

இருபத்திரண்டு வீடும் சுற்றி வந்ததும், ஆண்டு விழாவைச் சாரல் சீசனில் குற்றாலத்தில் வைப்பது என்று முடிவானது. ஐந்தருவியில் குளித்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, நாவலின் முடிவைப் பற்றித் தலைவர் பேசுவார். நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. நோட்டீஸை அடித்ததும் நானேதான்.

அடித்து முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. செத்தவனைப் பற்றி அரைமணி நேரம் என்ன பேச? ஆனால் மூளை வேலை செய்தது. குற்றாலத்துக்குக் கூட்டமாகப் போனால் ஓர் ஆள் குளிக்காமல் பைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தியாகத்தை நான் ஏற்றேன். எல்லாரும் குளித்துவிட்டு வருவதற்குள் மீதியைப் படித்துவிடலாம் என்று கணக்கு. தலைவர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நெகிழ்ந்துபோய் எல்லாரும் துண்டோடு அருவிக்குப் போனார்கள்.

புத்தகத்தைப் பிரித்தேன். படிக்கும்போது கொறிக்க ஏதாவது வேண்டும் என்பதால் சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். மூன்றாவது பக்கத்தில் எதிரே ஒரு குரங்கு வந்து உட்கார்ந்தது. சூ என்றேன். பல்லைக் காட்டியது. இன்னும் கிட்டே வந்து கையை நீட்டியது.

என் ஒரு கையில் சிப்ஸ், ஒரு கையில் புத்தகம். இருபத்திரண்டு வீட்டார் எழுதிய வரிகள் உள்ள, ஊரில் வேறு பிரதி இல்லாத புத்தகம். ஜெராக்ஸ் கடைக்காரனாகிய நான் ஒரு பிரதிகூட எடுத்து வைக்காத புத்தகம். நான் என்ன செய்தேன் என்பதைப் பக்கத்தில் மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அம்மா பார்த்தார். அவர் சாட்சி இல்லாவிட்டால் மாற்றிச் சொல்லியிருப்பேன். சிப்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, புத்தகத்தைக் குரங்கிடம் நீட்டினேன்.

அதுவும் மரியாதையாக வாங்கிக்கொண்டு சிப்ஸ் கடையின் தகரக் கூரைக்குப் போய்விட்டது. அங்கே உட்கார்ந்து மடியில் வைத்து, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டியது, மூலையைக் கடித்தது, பிய்த்தது, காற்றில் விட்டது. கீழே நின்று நான் அதை "ஐயா, சாமி" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் தெருவே ஈரத் தலையோடு திரும்பி வந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை, திட்ட நேரமில்லை. அண்ணாச்சி சுவரோரம் குனிந்து நிற்க, ஜேம்ஸ் அவர் தோளில் ஏறிக் கூரையில் கிடந்த தாள்களைப் பொறுக்கினார். பிள்ளைகள் ரோட்டில் பறந்ததைத் துரத்தினார்கள். ஜமீலா அக்கா ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் காட்ட, குரங்கு புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பழத்தோடு போனது. கடைசி முப்பது தாள் உதிரியாக இருந்தது. பக்க எண் போட்டிருந்த மூலையாகப் பார்த்துக் கடித்திருந்தது பாவி.

ஜமுக்காளத்தை விரித்து என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். வரிசைப்படி அடுக்க வேண்டியது தலைவர் பொறுப்பு. கையில் வந்த முதல் தாளில், செல்லையா பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயாசம் கேட்டுக்கொண்டிருந்தான். யோசித்தேன். செத்தவன் பாயாசம் கேட்கமாட்டான். ஆகவே இது சாவதற்கு முன்னால். அந்தத் தாளை ஆரம்பத்தில் வைத்து, படகு கவிழ்ந்த தாளைக் கடைசியில் வைத்து, தட்டிச் சீர்படுத்தினேன்.

நிமிர்ந்து பார்த்தால் ஜமீலா அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"பாயாசம் கடைசிலல்லா வரும் அண்ணே" என்றார்.

"செத்தவன் எப்படிம்மா பாயாசம் குடிப்பான்?" என்று கேட்டேன். கேள்வியில் தர்க்கம் இருக்கிறதா இல்லையா நீங்களே சொல்லுங்கள்.

"அதானே கதையே" என்றார் ஜேம்ஸ். "அவன் எங்க செத்தான்? அவனுக்கு நடக்குத பதினாறாம் நாள் விருந்துல, அவனே வந்து பந்தில உக்காருதாம்லா."

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிழைத்துக் கிடந்த வெள்ளைத்தாளை எடுத்து முதல் வரியை வாசித்தார். 'செல்லையாவின் மரணம் என்னை உலுக்கிவிட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.' அவர் வாசித்து முடிக்கவில்லை. மொத்தத் தெருவும் சேர்ந்து, பாராமல் ஒப்பித்தது, 'தலைவர்' என்ற கையெழுத்து உட்பட.

மீனா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மூணு நாளும் நான்தான் இவுகளுக்குப் பரிமாறுனேன். அதுல ஒருநாள் ஜமீலாக்கா வீட்டு பிரியாணி" என்று பொறுமையாகச் சாட்சி சொன்னாள்.

"ரெண்டாவது தடவையும் வட்டா நிறைய எங்கிட்ட கேட்டு வாங்கிட்டுப் போனிய" என்றார் ஜமீலா அக்கா.

பிறகுதான் விவரம் வந்தது. நாவலை முடித்துவிட்டு வரி எழுதத் திருப்புகிற ஒவ்வொருவர் கண்ணிலும் முதலில் பட்டது என் வரி. ஒற்றை ஆளாகச் சிரித்து அடக்க முடியாமல், ஏற்கெனவே படித்த வீட்டைத் தேடி ஓடியிருக்கிறார்கள். படிக்காத வீட்டார், இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே அவசர அவசரமாகப் படித்திருக்கிறார்கள். ஒரு வருடமாக இருபத்தொரு வீடும் சேர்ந்து காப்பாற்றிய ரகசியம் நான்.

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ராஜினாமா செய்கிறேன் என்றேன். உண்மையாகவே சொன்னேன், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீரு போய்ட்டா நாங்க யாரைப் பாத்துவே சிரிக்கது? உக்காரும். வாசியும்."

அவர்களே தாள்களை எடுத்து அடுக்கினார்கள். பக்க எண்ணே இல்லாமல், இதற்கப்புறம் இதுதான், இல்லை அதுதான் என்று கதையை வைத்தே அடுக்கினார்கள். அடுக்கியதை நான் சத்தம் போட்டு வாசித்தேன். குளித்துவிட்டுப் போகிற வெளியூர்க்காரர்கள் சிலரும் துண்டோடு நின்றுவிட்டார்கள். இரண்டு தாள் கிடைக்கவேயில்லை. அந்த இடம் வந்ததும், செல்லையாவின் அம்மா என்ன சொன்னாள் என்று ஆளுக்கு ஒரு வரி மனப்பாடமாகச் சொன்னார்கள். ஓர் இடத்தில் எல்லாரும் தடுமாற, ஜமீலா அக்கா தம்மாமுக்குப் போன் போட்டார். லீவு நாள், கணவர் எடுத்தார். பின்னால் அறைக்காரர் யாரோ ஒருவர் அந்த வரியை முந்திக்கொண்டு சொன்னது எங்களுக்கே கேட்டது. செல்லையாவின் அம்மா மகனைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. "இலையில சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள், அவ்வளவுதான்.

அதை நானும் என் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அந்த நாவல் என்னை நிஜமாகவே உலுக்கிய இடம் அதுதான். அன்று மத்தியானம் சாப்பாடும் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கியது, நம்புவார் இல்லை.

அந்த இரண்டு தாளையும் என் கையாலேயே எழுதிச் சேர்த்து, வெள்ளைத்தாள் வரிகளோடு இருபத்திரண்டு பிரதி எடுத்து பைண்டு செய்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். ஆறு வருடத்தில் வட்டம் ஏழு புத்தகம் படித்துவிட்டது, நானும்தான். ஆனால் விதி மாறிவிட்டது. தலைவர் இப்போது கடைசியாகத்தான் எழுத வேண்டும், மீனாவின் சாட்சிக் கையெழுத்தோடு.

செல்லையா மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை. செய்யாததைச் செய்ததாக யார் சொன்னாலும் எங்கள் தெருவில் 'செல்லையா செத்துட்டான்' என்பார்கள். பிளம்பர் வந்துகொண்டே இருக்கிறேன் என்றால் செல்லையா செத்துட்டான். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று என் மகள் சொன்னால், அடுக்களையிலிருந்து மீனா, "எத்தனை நாளு சோறு இறங்கலயாம்?" என்பாள்.

போன மாதம் தெருக்கோடியில் புதிதாக எழும்பிய வீட்டுக்குத் திருவேங்கடத்திலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வாடகைக்கு வந்தார். வந்த மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டி, "செல்லையான்னு யாரோ தவறிட்டாகன்னு பேசிக்கிடுதாக. நானும் ஒரு எட்டு வந்து துக்கம் கேக்கணும்லா, எந்த வீடு அண்ணே?" என்றார். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து விதிப்படி கையில் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் அவர் தெருமுனையில் வரும்போதே தோள் குலுங்குவது தெரிந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். இருபத்து மூன்றாவது வீடும் படித்தாயிற்று. எந்த ஊரிலாவது ஒரே ஒரு வரி எழுதி ஒரு தெருவையே வாசிக்க வைத்தவன் இருந்தால் காட்டுங்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன்.

அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார், "காலைல சோறு இறங்குச்சா தலைவரே?"