சம்பந்தி இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் மனமார்ந்த ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். எங்களோடு தங்க வந்திருக்கும் உங்கள் அப்பாவும் நலம். அதாவது, இன்று காலையிலிருந்து நலம். பதறாமல் உட்கார்ந்து படிக்கவும்.

மழைக்குப் பிறகு பின்சுவரோரம் வெள்ளைவெளேரென்று காளான் முளைத்திருந்தது. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அல்லவா சம்பந்தி, பார்த்த மாத்திரத்தில் "இது நல்ல சாதி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் செல்போனில் படம் பிடித்தேன். அதுவும் சாப்பிடலாம் என்றது. விஷக் காளானென்றால் பூண்டு கறுத்துவிடும் என்பார்களே, பூண்டு போட்டு வதக்கினோம், கறுக்கவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அத்தைக்கும் எனக்கும் அன்று பேச்சுவார்த்தை இல்லாததால் அவள் மட்டும் தொடவில்லை. சம்பந்தி இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில சாப்பிட்டது சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுமே பண்ணலை மாப்பிள்ளை! செஸ் ஆடிக்கிட்டிருந்தோம். திடீர்னு என் குதிரையைக் கையில வெச்சுக்கிட்டே சம்பந்தி குளியலறைக்கு ஓடினார். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கும் வயித்தைக் கலக்கிடுச்சு. வீட்டுல இருக்கிறதோ ஒரே குளியலறை. மானம் போச்சு. ஒருவழியா வாந்தி நின்னதும் சம்பந்தி, "எல்லாம் வெளிய போயிடுச்சு, ஆட்டத்தை முடிப்போம்"ங்கிறார். அத்தை விட்டாத்தானே! மிச்சத்தைச் சட்டியோட தூக்கிக்கிட்டு எங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா.

சட்டியைப் பார்த்ததுமே டாக்டரம்மா முகம் மாறிடுச்சு. "வயிறு சரியான மாதிரிதான் தெரியும், உள்ள கல்லீரல் கெட்டுக்கிட்டே இருக்கும். பூண்டையும் போனையும் நம்பியா சாப்பிட்டீங்க?"ன்னாங்க. ரெண்டு பேரையும் உடனே அட்மிட் பண்ணிட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல சம்பந்தி, அவ்வளவு பெரிய உருவம், போர்வைக்குள்ள சுருண்டுகிட்டு, "என் பையன்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவான்"னார். இந்த மனுஷனை முழுசா உங்ககிட்ட ஒப்படைக்கணுமேன்னு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு பேருமே விடலை.

இன்று காலை ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்துவிட்டது. சொல்ல மாட்டேன் என்று உங்கள் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அத்தையும் வாயைத் திறக்க மாட்டாள். நீங்கள் கிளம்பி வர அவசியமே இல்லை. என் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் முத்தங்கள். எல்லாரும் குறையாத ஆரோக்கியத்துடன் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: அத்தை நேற்றே உங்களுக்குப் போன் செய்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பது உங்கள் கார்தானே? கடிதத்தை நர்ஸிடம் கொடுத்தனுப்புகிறேன். வராந்தாவிலேயே நிதானமாகப் படித்துவிட்டு, கோபம் ஆறிய பிறகு உள்ளே வரவும். உங்கள் அப்பா தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறார்.