வெள்ளகோவில் வழியாக டாப்சிலிப்

காட்டை விட்டு வெளியே வர மனித குலத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. திரும்பிப் போவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும் என்று கண்டறிந்த பெருமை, சிங்காநல்லூரில் இயங்கிவந்த நீரிறைப்புக் கருவிகள் மேம்பாட்டு வாரியத்தையே சாரும்.

1995ஆம் ஆண்டின் ஆனி மாதத்தில் அந்தச் சுற்றறிக்கை சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து இறங்கியது. 'மன அழுத்தம்' என்பது அப்போதுதான் ஊருக்குள் புதிதாக வந்திருந்தது. அதுவரை வாரிய ஊழியர்களுக்குத் தலைவலி இருந்தது, வாய்வு இருந்தது, தீபாவளி முன்பணம் இருந்தது. மன அழுத்தம் இருந்ததில்லை. பம்புசெட்டுகளின் இடைவிடாத இரைச்சலால் அவர்கள் மனம் நொந்துபோயிருப்பதாகச் சுற்றறிக்கை வருந்தியது. அந்த அலுவலகத்தில் பம்பு எதுவும் ஓடியதில்லை. பம்பு பற்றிய கோப்புகள்தாம் இருந்தன, அவையும் ஓடியதில்லை. இருந்தாலும் மேலிடமே வருந்தும்போது மறுத்துப் பேசுவது மரியாதையாகாது.

மருந்தையும் சுற்றறிக்கையே சொல்லியிருந்தது. ஊழியர்கள் குடும்பத்துடன் மூன்று நாள் காட்டில் தங்கி 'இயற்கையோடு இணைந்து' திரும்ப வேண்டும். போய்வரும் செலவையும் தங்கும் செலவையும் ரசீது காட்டினால் வாரியம் கொடுக்கும். டாப்சிலிப், மசினகுடி ஆகிய இரண்டு காடுகளில் எதற்குச் செலவு குறைவோ அதற்கே போக வேண்டும். அதற்கு ஓர் ஒப்பீட்டு அறிக்கை வேண்டும்.

அறிக்கை எழுதும் வேலை இளநிலை உதவியாளர் ரூபனிடம் வந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. தகுதிகாண் பருவம் புரட்டாசியில் முடியும். நிர்வாக அலுவலர் நரசிம்மலு கையெழுத்துப் போட்டால் அவன் நிரந்தரம். நிரந்தரமானால்தான், மனைவி மெர்சியின் அப்பா வீட்டு மாடி அறையைக் காலி செய்துவிட்டுத் தனி வீடு பார்க்க முடியும். மாமனார் தங்கமானவர். தினமும் காலையில் படியேறி வந்து, "மாப்ள, கையெழுத்து ஆயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்பார்.

ரூபனுக்கு எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்ததும் அதைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கியாக வேண்டும். உக்கடம் பேருந்து நிலையத்தில் நின்று நடத்துநர்களை விசாரித்தான்; ஜீப் ஓட்டுநர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தான். டாப்சிலிப் என்றால் பொள்ளாச்சி வரை சமதரை, ஆனைமலை தாண்டிச் சேத்துமடை சோதனைச்சாவடி, அதன் பிறகுதான் மலையேற்றம். மசினகுடி என்றால் மேட்டுப்பாளையத்திலேயே ஏற்றம் தொடங்கி, குன்னூர், ஊட்டி என்று ஏறி, கல்லட்டி வழியே கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். 'இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று கருதுவது பிழை. மிச்சமாகும் டீசலைப் பிரேக் தின்றுவிடும்' என்று அடிக்குறிப்பே எழுதினான். முடிவு தெளிவாக இருந்தது. பேருந்தில் போனால் இருவருக்கு, வனத்துறை விடுதி வாடகையும் சேர்த்து, டாப்சிலிப்புக்கு இருநூறு ரூபாய்க்குச் சற்று மேலே. மசினகுடிக்கு முந்நூறைத் தாண்டும்.

பிரிவுக் கண்காணிப்பாளர் சென்னிமலை அறிக்கையை ஆதியோடந்தமாகப் படித்தார். முப்பது வருட அனுபவசாலி. அவர் கையால் போன எந்தப் பயணப் பட்டியலும் திரும்பி வந்ததில்லை.

"நல்லா எழுதிருக்கறீங்க தம்பி. இதுல வண்டி எங்கீங்க?"

"பஸ்ஸுங்க. பொள்ளாச்சியிலிருந்து நேராவே போகுதுங்க."

"பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போனா மன அழுத்தம் ஏறுமுங்களா, எறங்குமுங்களா? ஜீப்புன்னு போடுங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஜீப்பு."

"சரிங்க. உக்கடத்துல ஒருத்தர் கிட்ட வாடகை கேட்டு வெச்சிருக்கறனுங்க."

"உக்கடம் வேண்டாங்க. வெள்ளகோவில்ல என்ற மச்சான் டிராவல்ஸ் வெச்சிருக்கறான். அங்கிருந்து வரட்டும்."

ரூபன் மனதில் வரைபடம் விரிந்தது. வெள்ளகோவில் கிழக்கே எங்கோ இருக்கிறது. டாப்சிலிப் தெற்கே. "அது வேற திக்காச்சுங்களே?"

"காடு எந்தத் திக்குல இருந்தா என்னங்க தம்பி, வண்டி அங்கிருந்துதான வருது. வந்து, ஏத்திக்கிட்டுப் போயி, திருப்பிக் கொண்டாந்து உட்டுப்போட்டு, காலியா ஊருக்குப் போகோணும். கிலோமீட்டரை எல்லாம் கூட்டிக்குங்க."

தட்டச்சர் பழனியாத்தாள் எந்திரத்தை நிறுத்தினாள். "உங்க மச்சான் கிட்ட எத்தன ஜீப்புங்க இருக்குது?"

"பில்லு புக்கு ரெண்டு இருக்குதும்மா" என்றார் சென்னிமலை.

வண்டிகளெல்லாம் வாடகைக்குப் போய்விட, ரசீதுப் புத்தகம் மட்டும் கடையில் இருக்கிறது. அவ்வளவு நன்றாகத் தொழில் நடக்கிறது என்று ரூபன் புரிந்துகொண்டான். இரண்டு காட்டையும் வெள்ளகோவிலிலிருந்து அளந்து புதிய அறிக்கை தயாரித்தான். டாப்சிலிப் மூவாயிரத்துச் சொச்சம். மசினகுடி நாலாயிரத்தைத் தொட்டது.

காட்டைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் நரசிம்மலு தலைமையில் கூடியது. பலருக்கு மசினகுடி மேல் திடீர்ப் பாசம் பிறந்திருந்தது. அந்தக் காட்டின் அடர்த்தியை ஆயிரம் ரூபாய் வித்தியாசத்திலேயே அவர்கள் உணர்ந்துவிட்டார்கள். நரசிம்மலு கையமர்த்தினார்.

"மசினகுடிக்கு ஊட்டி வழியாத்தான போகோணும்? ஊட்டிக்குப் போனேன்னு சொன்னா சொந்தக்காரங்க வர்க்கி எங்கேம்பாங்க, பக்கத்து ஊட்டுல தைலம் எங்கேம்பாங்க. என்ன பதிலுங்க சொல்றது?"

கூட்டம் மசினகுடியின் ஆபத்தை முதன்முறையாக உணர்ந்தது.

"டாப்சிலிப்புல கடையே கெடையாது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ரூபன் எழுந்தான். "வர்க்கிய ஊட்டி பஸ் ஸ்டாண்டுலயே வாங்கிக்கலாமுங்களே."

கூட்டம் முழுவதும் அவனைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு பச்சைக் குழந்தையை வேலைக்கு எடுத்துவிட்டோமே என்ற கவலைதான் இருந்தது. வாரியத்துக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று பதிவு செய்யப்பட்டு, டாப்சிலிப் ஒருமனதாக நிறைவேறியது. ஆடிக் கடைசியில் மூன்று நாள் குறித்தார்கள். அந்தியூர் மாட்டுச் சந்தை நடக்கும் நாட்களும் அவையே என்பது தற்செயல்.

ரூபன் ஜீப்பு வேண்டாமென்று சொல்லிவிட்டான். பேருந்து மலிவு என்று அவனே எழுதியிருக்கிறானே. மெர்சி பெரிய தூக்குப் போசி நிறையப் புளிசாதம் கட்டினாள். "உங்க ஆபீசுக்காரங்க அத்தன பேரும் இருப்பாங்க. கலியாணத்துக்கு அப்பறம் முதத் தடவையாப் பாக்கறாங்க. வெறுங்கையோட நிக்க முடியுங்களா?"

டாப்சிலிப்பில் மழை பெய்துகொண்டிருந்தது. விடுதியில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. வெள்ளகோவில் வண்டி வந்து சேர நேரமாகும் என்று ரூபன் விளக்கினான். சாயங்காலம், மலையில் மழை பெய்தால் ஜீப்புக்கு இழுவை குறையும் என்று விளக்கினான். மறுநாள் காலை, சேத்துமடையில் மற்ற இருபத்தைந்து குடும்பங்களின் வண்டிகளையும் பதிந்து முடிப்பதற்குள் சாவடிக்காரர் கை ஓய்ந்திருக்கும் என்று விளக்கினான்.

மெர்சி காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, இருவத்தஞ்சு ஜீப்பு வந்தா சத்தம் கேக்காதுங்களா?"

ரூபன் வாசலுக்குப் போய் மலைப்பாதையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். புளிசாதத்தை வனக்காவலரும் பேருந்து ஓட்டுநரும் நடத்துநரும் சாப்பிட்டார்கள். உப்பு சற்றுத் தூக்கல் என்றார் காவலர். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் விடுதிக்கு எதிரே இருந்த புல்வெளியை ஒரு யானை கடந்தது. பின்னால் குட்டி. தாய் நின்றால் அதுவும் நின்றது. தாய் நடந்தால் அவசரமாக ஓடிப்போய் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டது. யானை தும்பிக்கையால் எப்படிப் புல்லைப் பிடுங்கி மண்ணைத் தட்டுகிறது என்று ரூபன் சொல்லத் தொடங்கினான். மெர்சி அவன் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவள் மழையில் நனைவதையும் மறந்திருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டான். கல்யாணமாகி அவன் முடிக்காமல் விட்ட முதல் விளக்கம் அது.

திங்கட்கிழமை அலுவலகம் புத்துணர்ச்சியோடு கூடியது. நரசிம்மலு ஒரு காங்கேயம் கன்றை எப்படிப் பல் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழனியாத்தாள் வீட்டுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு முழங்கையில் ஒட்டியிருந்தது. "என்னமா காத்துங்க அந்த டாப்சிலிப்புல" என்று சென்னிமலை பொதுவாகச் சொன்னார்.

"உங்களையெல்லாம் மூணு நாளும் தேடினனுங்க" என்றான் ரூபன்.

சென்னிமலையின் முகம் மாறியது. அவனைத் தனியே அழைத்துப் போனார். "தம்பி, நெசமாவே போயிட்டு வந்துபோட்டீங்களா?"

"போகச் சொல்லித்தானுங்களே சுற்றறிக்கை?"

"சுற்றறிக்கை சொல்லுமுங்க. அதுக்காவப் போயிர்றதுங்களா?"

அப்போதுதான் ரூபனுக்கு அந்த அலுவலகம் என்ற எந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கியது. அதன் எளிமையைக் கண்டு ஒரு கணம் வியக்கவும் செய்தான். போகிற காட்டுக்குத்தான் செலவைக் குறைக்க வேண்டும். போகாத காட்டுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஆகலாம்.

அவனுடைய பட்டியல் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மற்றவர்களுடையது ஆளுக்கு மூவாயிரத்து நாற்பது. சென்னிமலை அந்தப் பட்டியலை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு கெஞ்சாத குறையாகக் கேட்டார். "தம்பி, இந்த இருநூத்திப் பன்னெண்டு ரூபா இருவத்தஞ்சு குடும்பத்து வயித்துல அடிக்கும். ஒரு ஜீப்பு பில்லு தாரேன், வெச்சுக்குங்க. உங்களுக்கும் கையெழுத்து ஆகோணுமில்லீங்களா?"

ரூபன் இரண்டு நாள் யோசித்தான். மாமனார் இரண்டு முறை படியேறி வந்தார். ஆனாலும் மெர்சி பார்த்த யானையை வெள்ளகோவில் ஜீப்பில் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை. "ஆனது அவ்வளவுதானுங்களே" என்று சொல்லி இருநூற்றுப் பன்னிரண்டையே அனுப்பினான்.

தலைமை அலுவலகத்துத் தணிக்கையாளர் விழித்துக்கொண்டார். 'ஒரே காடு, ஒரே நாட்கள். ஒருவருக்கு 212, மற்றவர்களுக்கு 3,040. இவற்றில் பொய்யானது எதுவெனக் கண்டறிந்து தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று கடிதம் வந்தது. விசாரணை அலுவலராக நரசிம்மலு நியமிக்கப்பட்டார். அந்த இருபத்தைந்து பேரில் அவரும் ஒருவர் என்பதால், வழக்கின் நுணுக்கங்கள் அவருக்குத்தான் அத்துப்படி.

விசாரணை எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. ரூபனுக்கு மெத்தை போட்ட நாற்காலி தரப்பட்டது, டீயும் தரப்பட்டது.

"ரசீதைப் பாருங்க தம்பி" என்றார் நரசிம்மலு. "இருவத்தஞ்சு ரசீதும் ஒரே கையெழுத்துல, ஒரே மையில, எத்தன ஒத்துமையா இருக்குது. உங்களது மட்டும் ஏனுங்க வேற மாதிரி இருக்குது?"

"அது வனத்துறை ரசீதுங்க. அங்க இருந்த காவலரைக் கூப்பிட்டுக் கேளுங்க."

"அவரு நம்ம வாரியத்து ஆளில்லீங்களே."

ரூபன் முழுக்கால் சட்டையைச் சுருட்டி அட்டைக்கடித் தழும்புகளைக் காட்டினான். நரசிம்மலு அனுதாபத்தோடு குனிந்து பார்த்தார். "சிங்காநல்லூர்க் கொளத்துலயும் அட்டை இருக்குதுங்க, கண்ணு."

பிறகு சாட்சிகள். ஒவ்வொருவரும் அவரவர் குலதெய்வத்தின் மீது ஆணையிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: குறித்த நாட்களில் டாப்சிலிப்பில் ரூபனைப் பார்த்தீர்களா? "பாக்கலீங்க" என்றார் சென்னிமலை. "பாக்கலீங்க" என்றாள் பழனியாத்தாள். சொல்லிவிட்டு அதைத் தானே தட்டச்சும் செய்தாள். கடைசியில் நரசிம்மலு எழுந்து வந்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, தம் குலதெய்வத்தின் மீது ஆணையிட்டு, "பாக்கலீங்க" என்று தமக்கே சொன்னார். மறுபடி போய் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டார்.

"நானும் உங்க ஒருத்தரையும் அங்க பாக்கலீங்களே" என்றான் ரூபன்.

"ஒருத்தரை இருவத்தஞ்சு பேரு பாக்கலைன்னா அது சாட்சி. இருவத்தஞ்சு பேரை ஒருத்தர் பாக்கலைன்னா அது கண்ணுல கோளாறு. டாக்டரைப் பாருங்க தம்பி."

தீர்ப்பு அன்று மாலையே தட்டச்சாகியது. போகாத இடத்துக்குப் போனதாகப் பட்டியல் கொடுத்த குற்றத்துக்காக ரூபனின் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மறுக்கப்பட்டது. தகுதிகாண் பருவம் மேலும் ஓராண்டு நீண்டது. ஒழுங்கீனத்தைக் கட்டுக்கோப்போடு வெளிக்கொணர்ந்த மற்ற ஊழியர்களைத் தலைமை அலுவலகம் பாராட்டி, அவர்களது தொகையை உடனே விடுவித்தது.

வீட்டில் மெர்சி அந்த உத்தரவை இரண்டு முறை படித்தாள். கீழே அவள் அப்பா செருப்பைக் கழற்றுவது கேட்டது.

"அத்தன பேருமா சாமி மேல ஆணை வெச்சுப் பொய் சொன்னாங்க?"

ரூபன் பொறுமையாக விளக்கினான். "பொய் ஒருத்தருமே சொல்லலே, அம்மணி. அவங்க யாரும் என்னைய டாப்சிலிப்புல பாக்கலே, அது சத்தியம். அந்த ஆபீசு தொறந்த நாள்ல இருந்து, எல்லாரும் ஒண்ணாச் சேந்து உண்மை பேசுனது அன்னைக்குத்தான். அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன்."