மூன்றாம் மாடியில் ஒரு காடு

உலக மக்கள் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் அறிவிப்பு: பூமி சூடாவதைத் தடுத்து நிறுத்தும் பணி செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், வரவேற்புரையுடன் தொடங்கும். தேநீர் இடைவேளை பதினொன்றரைக்கு.

அறிவிப்பில் ஒரு குறையும் இல்லை. முப்பது கிராமத்தாரை அழைத்துவர விடியற்காலையில் போன பஸ் எட்டரை மணிக்குக் காலியாகத் திரும்பி வந்ததுதான் குறை.

"ஆளுங்க எங்கய்யா?" என்றார் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்.

"காட்டுல இருக்காங்க சார்," என்றார் டிரைவர்.

"காட்டுல என்ன பண்றாங்க?"

"காட்டைப் பாத்துக்கறாங்க."

"அதைக் கத்துக்குடுக்கத்தானேய்யா கூப்பிட்டோம்!"

ஒருங்கிணைப்பாளர் அந்த ஊர் வனக்குழுவின் செயலாளர் அம்மாளுக்குப் போன் போட்டார். பின்னால் சரக் சரக்கென்று அரிவாள் சத்தம் கேட்டது.

"புல்லு பூரா காஞ்சு கெடக்கு சார். தீத்தடுப்புக் கோடு இன்னைக்கு வெட்டி முடிக்கலன்னா ஒரு பொறி போதும், காடு மொத்தமும் போயிடும். இதை விட்டுட்டு எப்படி வர்றது?"

காட்டைச் சுற்றி ஒரு பட்டைக்குக் காய்ந்த புல்லை வெட்டி அப்புறப்படுத்திவிட்டால், தீ அதைத் தாண்டி வராது. இதற்குத்தான் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். ஒருங்கிணைப்பாளருக்கு இது நன்றாகத் தெரியும். அவருடைய படக்காட்சியில் பதினேழாவது படம் அதுதான்.

"அதையேதான்மா இன்னைக்குச் சொல்லித்தரப் போறோம். படம் போட்டுக் காட்டுவோம்."

"படத்தை அனுப்பிவிடுங்க சார், வேலை முடிஞ்சதும் பாக்கறோம்," என்று அம்மாள் போனை வைத்துவிட்டார்.

ஒருங்கிணைப்பாளருடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. தலைமையகத்திலிருந்து மதிப்பீட்டாளர் அம்மையார் இன்று வருகிறார். இயக்குநர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அந்தம்மா திருப்தியா போனா உங்களுக்கு மூணு வருஷ நீட்டிப்பு. இல்லன்னா உங்க வழியனுப்பு விழாவும் இதே ஹால்லதான்."

"நாமளே காட்டுக்குப் போயிடலாமே சார்?" என்றார் டிரைவர்.

"பயிற்சி நடந்த இடம்னு படிவத்துல என்னத்தை எழுதறது?"

"காடுன்னு."

"அறை எண் கேக்கும்யா!"

அப்போதுதான் அவருக்கு மாமனாரின் நினைவு வந்தது. எந்த மருமகனுக்கும் மாமனாரின் நினைவு தானாக வராது, ஆபத்தில்தான் வரும். மாமனார் எதிர்ப் பூங்காவில் ஒரு சிரிப்புச் சங்கம் நடத்திவந்தார். ஓய்வு பெற்ற முப்பது பேர் தினமும் காலையில் கைகளை வானத்துக்குத் தூக்கி, காரணமில்லாமல் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

"மாமா, ஒரு மூணு மணி நேரம். ஏசி அறை. காபி, பிஸ்கட் உண்டு. காட்டோரத்து ஜனங்க மாதிரி சும்மா உக்காந்திருந்தா போதும். யாரும் பேசக்கூடாது."

"ரிட்டயர் ஆனவங்களைப் பேசாதேங்கறீங்களே மாப்பிள்ளை," என்றார் மாமனார். ஆனாலும் இருபதே நிமிடத்தில் படையோடு வந்து சேர்ந்தார்.

முப்பது பேரும் பளீரென்ற வெள்ளை விளையாட்டு ஷூ போட்டிருந்தார்கள். காட்டோரத்து ஜனங்களுக்கு ஏது அத்தனை ஷூ? ஒருங்கிணைப்பாளர் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி வராந்தாவில் குவித்தார். குவித்து நிமிர்ந்தால், எதிரில் மதிப்பீட்டாளர் அம்மையார்.

"இது என்ன, இவ்வளவு ஷூ?"

"தீக்காவல் ரோந்துக்கு, மேடம். பயனாளிகளுக்குக் குடுத்தது."

"அருமை!" என்று எழுதிக்கொண்டார் அம்மையார். "ஆனா எல்லாம் பழசா இருக்கே?"

"ரோந்து ஜாஸ்தி மேடம்."

அம்மையார் உள்ளே வந்து உட்கார்ந்தார். வரவேற்புரையைக் கையமர்த்தி நிறுத்தினார். "எனக்கு உரையும் வேண்டாம், புள்ளிவிவரமும் வேண்டாம். நான் மக்களோட பேசணும்."

முதல் வரிசையில் இருந்தவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்.

"ஐயா, காட்டுப் பக்கத்துலேர்ந்து உங்களுக்கு என்னென்ன வருது?"

"தபால்தான். அதுவும் லேட்டாத்தான் வரும்."

'தகவல் தொடர்பு வசதி இல்லை' என்று அம்மையார் எழுதினார். அடுத்தவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர்.

"ஒரு மரம் நோய்ப்பட்டிருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வேரைப் பாக்கணும்மா. வேர் சொத்தையா இருந்தா பிடுங்கிடறதுதான் பக்கத்துல இருக்கறதுக்கும் நல்லது. தள்ளிப்போடக் கூடாது."

"என்ன ஆழமான அறிவு!" என்று அம்மையார் சிலிர்த்தார்.

ஒருங்கிணைப்பாளர் அவசரமாக விளக்கை அணைத்துப் படக்காட்சியைத் தொடங்கினார். இருட்டில் யாரையும் கேள்வி கேட்க முடியாது என்பது அவர் கணக்கு. மரத்தின் தடிமனை அளந்து அது எவ்வளவு கார்பனைப் பிடித்துவைத்திருக்கிறது என்று கணக்கிடும் சூத்திரம் திரையில் விழுந்தது. விழுந்ததுதான் தாமதம், பின் வரிசையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் எழுந்தார்.

"தம்பி, ஆரம் போட வேண்டிய இடத்துல விட்டத்தைப் போட்டிருக்கே. மரம் நாலு மடங்கு பெருத்துப்போச்சு. அழிச்சிட்டு மறுபடி போடு."

ஒருங்கிணைப்பாளர் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க டீச்சர்," என்றார்.

"டீச்சரா?" என்றார் அம்மையார்.

"ஊர்ல மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவாங்க மேடம்."

நிலைமை முற்றுவதைப் பார்த்த மாமனார், மருமகனைக் காப்பாற்றத் தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டார். இரண்டு முறை கைதட்டினார். அரையிருட்டில் அறுபது கைகள் மேலே எழும்பின. ஹா ஹா ஹா என்று கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

அம்மையார் நாற்காலியோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"காட்டுப்பன்றியை விரட்டறது மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர். நாக்கு அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. "ஒரு உயிருக்கும் சேதமில்லாம."

அம்மையார் நோட்டை மூடினார். ஒருங்கிணைப்பாளர் பெருமூச்சு விட்டார். பாதி மூச்சுதான் வெளியே வந்தது.

"இதை நான் காட்டுலயே பாக்கணும். இவங்களோட காட்டுல, இவங்களோடயே. கிளம்புங்க."

"மேடம், பஸ்ஸு ரிப்பேர்..."

"இப்பத்தான் சார் கழுவி நிறுத்தியிருக்கேன்," என்றார் டிரைவர்.

"போயிட்டு வருவோமே மாப்பிள்ளை," என்றார் மாமனார். "எல்லாருமா வெளியில போயும் நாளாச்சு."

வழியில் பஸ் மூன்று இடத்தில் நின்றது. முப்பது பேரில் இருபத்திரண்டு பேருக்குச் சர்க்கரை. மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அந்த மரத்தைப் பாரேன்! அட, குரங்கு!" என்று கூவிக்கொண்டு வந்தார்கள்.

"தினம் பாக்கற காட்டை இவ்வளவு ஆச்சரியமா பாக்கறாங்களே?"

"அலுக்கவே அலுக்காது மேடம் இவங்களுக்கு."

காட்டு விளிம்பில் வரிசையாகக் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்ததும் ஒருங்கிணைப்பாளர் இருக்கையை விட்டு எழுந்துவிட்டார். நிஜமான முப்பது பேர்! ஒரு வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வந்தால் ஆறு வருட வேலை அதோடு சரி. பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினார். தொப்பி போட்டு, பெரிய மனிதர் தோரணையில் இருந்த ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்தம்மா கேட்டா நீங்க இந்த ஊர்க்காரங்க இல்லன்னு சொல்லிடுங்க. என் பொழப்பே உங்க கையிலதான் இருக்கு."

தொப்பிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாராளமா சொல்றேன் சார்," என்றார்.

படிக்காத ஜனங்களுக்குத்தான் எவ்வளவு இளகிய மனசு என்று ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்துபோனார்.

அம்மையார் இறங்கி வந்து வேலையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது. ஒருவர் அரிவாளைத் திருப்பிப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வெட்டிய புல்லைக் கோட்டின் நடுவிலேயே போர் போட்டுக்கொண்டிருந்தார். தீ வந்தால் உட்கார்ந்து போவதற்கு வசதியாக. மூன்று பேர் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இவங்கல்லாம்?"

"வேற ஊர்க்காரங்க மேடம்."

"அதானே பாத்தேன்! உங்க மக்கள் எங்க, இவங்க எங்க! நம்ம ஆளுங்களை இறங்கிச் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க."

சிரிப்புச் சங்கம் களத்தில் குதித்தது. கணக்கு டீச்சர் கயிறு பிடித்து அகலம் அளந்தார். "ஏம்மா, கோடுன்னா நேரா இருக்கணும். இது என்ன, பாம்பு போன தடமா?" என்று இரண்டு பேரைத் திட்டினார். போஸ்ட்மாஸ்டர் புல்லைப் பெரிசு, சிறிசு என்று பிரித்துக் கட்டி அனுப்பினார். பல் டாக்டர் வேரோடு பிடுங்குவது எப்படி என்று செய்துகாட்டினார். இரண்டு மணி நேரத்தில் அந்தக் காட்டுக்கு ஒரு உருப்படியான தீத்தடுப்புக் கோடு கிடைத்தது.

அம்மையார் பஸ்ஸின் பானெட் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மூணு வருஷ நீட்டிப்பு. இந்த அப்பாவி ஜனங்களுக்கும் நீங்கதான் பயிற்சி குடுக்கறீங்க. அரிவாள் பிடிக்கறதுலேர்ந்து ஆரம்பிங்க."

ஒருங்கிணைப்பாளர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். மனைவிக்குச் செய்தி அனுப்பினார். மாமனாரைக் கட்டிப்பிடித்தார். கல்யாணத்தன்றுகூட அவர் அதைச் செய்ததில்லை.

புறப்படும்போது, மரத்தடியில் உட்கார்ந்து கொப்புளித்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் அம்மையார் குனிந்தார்.

"கவலைப்படாதம்மா, இனிமே இவரு வந்து உங்களுக்கு எல்லாம் கத்துக்குடுப்பாரு. நீங்க எந்த ஊரு?"

"ஊரெல்லாம் இல்லைங்க மேடம்," என்றாள் அவள். "நாங்க வேற ஆபீஸ், பருவநிலை ஆபீஸ். நான் டைப்பிஸ்ட், தொப்பி போட்டிருக்கறவரு எங்க டைரக்டர். ஊர்க்காரங்க முப்பது பேரும் எங்க ஹால்ல பயிற்சில உக்காந்திருக்காங்க. காலையில நாங்க பயிற்சிக்குக் கூப்பிட வந்தப்ப, எங்க வேலைய நீங்க பாத்தா உங்க வேலைய நாங்க பாக்கறோம்னு இந்த ஊர் வனக்குழுச் செயலாளரம்மா சொல்லிட்டாங்க."