மீட்டரில் விழாத இரைச்சல்

"ம்ம்ம்ம்ம்..." என்றது ஸ்பீக்கர். அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ மாமனார் பேசிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற சர்வேயர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தார். மணி பதினொன்று. நாலு மணிக்கு மகள் வருகிறாள். அவள் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட தாத்தாவின் குரலை முதல் தடவையாக அப்பாவின் பெரிய ஸ்பீக்கரில் கேட்க வருகிறாள். அந்தக் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரே கேசட்டில்தான்.

"எப்பவும் போல என் சின்ன டேப்லயே போட்டுடலாங்க. அதுல இந்தச் சத்தமே வராது" என்றாள் மனைவி.

"அந்தத் தகர டப்பாவுலயா? உங்கப்பா குரல் அதுல எலி கத்தற மாதிரி இருக்கும். அந்தக் கம்பீரத்தை என் பெட்டியிலதான் கேக்கணும்!"

பெட்டி என்றால், கல்யாணத்துக்கு முன்பே அவர் சொந்தக் கையால் செய்த ஆம்ப்ளிஃபையரும், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றியவர் அவர். எண்ணிக்கை தவறி மூன்று தடவை அவிழ்த்துச் சுற்றியவரும் அவரேதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருடைய குஞ்சு நாலு கிலோ.

அப்போது ஒற்றை அறை, ஒற்றை நாற்காலி, ஈயம் உருகும் வாசனை. புதுசாக வந்த மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பாள். பார்க்க வந்த மாமனாருக்கும் பெட்டியைப் போட்டுக் காட்டி, அதை அணைக்காமலே, அதே அறையில்தான் இந்தக் கேசட்டிலும் பதிவை ஓடவிட்டார்.

"அப்பல்லாம் ஊசி விழுந்தா கேக்கும். இரைச்சலே கிடையாது. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்று மனைவி அவசரமாகச் சமையலறைக்குப் போனாள்.

"வயசாயிடுச்சு. கண்டென்சர் காஞ்சு போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். கரண்டின் மேடுபள்ளத்தை நிரவுகிற உருளைகள் அவை. புதுசாக நாலு வாங்கி வந்து, இரண்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டார்.

டப்!

பிளஸ், மைனஸ் மாறிப்போயிருந்தது. துவைத்து மடித்து வைத்திருந்த திரைச்சீலைகள் மேல் எல்லாம் புகையும் காகிதத் தூளும்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு செய்யக் கூடாதா?"

"ஊர் நிலத்தையெல்லாம் அளந்தவனுக்குக் கண்ணாடி எதுக்கு?" என்றார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

மிச்சமிருந்த இரண்டையும் ஒழுங்காக மாட்டினார். இப்போது மாமனார் குரலுக்குக் கனம் கூடியிருந்தது. இரைச்சலும் கூடவே சதை போட்டிருந்தது.

அடுத்த பழி டிரான்ஸ்ஃபார்மர் மேல் விழுந்தது. ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இரைகிறது என்று அதைக் கழற்றி, நீள வயர் இழுத்து, சமையலறை ஸ்டூலில் குடிவைத்தார். கையில் குழம்புச் சட்டியோடு மனைவி குனிந்து குனிந்து போய் வந்தாள்.

"ஏங்க, இது வீடா, கரண்டு ஆபீசா?"

"ம்ம்ம்ம்ம்..." என்றது ஸ்பீக்கர்.

கடைசியில் மீட்டரை வைத்துப் பார்த்தார். மின்சாரம் பளிங்கு மாதிரி சுத்தம். மறுபடி வைத்தார். மறுபடியும் சுத்தம். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் சந்தேகப்பட்ட முதல் கருவி அதுதான்.

"என் கைதான் கெட்டுப்போச்சு போல. உங்கப்பா குரலை நானே நாசம் பண்ணிட்டேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு திரைச்சீலைகளை உதறப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு மகள் வயருக்கு அடியில் குனிந்து வந்தாள். "என்னப்பா இது, கொடி கட்டியிருக்கீங்க? தாத்தா எங்கே?"

கேசட் ஓடியது. "கண்ணு, ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றது இரைச்சலுக்கு நடுவில் கனத்த குரல். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சத்தம் பரவாயில்லப்பா. தாத்தா நல்லாத் தெரியறார்."

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டது குரல்.

முப்பத்தைந்து வருஷமாக மனைவி கேசட்டை நிறுத்துவது இந்த இடத்தில்தான். நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அதற்கு மேல் போடச் சொல்ல யாருக்கு மனசு வரும்? இன்றைக்கும் பட்டனை நோக்கி ஓடி வந்தாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் முழுசாக் கேக்கறேம்மா."

"வேணாம்டி, விடு!"

அதற்குள் ஸ்பீக்கரில் இருபத்திரண்டு வயது மனைவி பதில் சொல்லிவிட்டாள். "கடை வரைக்கும் போயிருக்கார்ப்பா."

மாமனார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. அவரோட பெட்டி என்னமா இரையுது, காதே வலிக்குது! ஆனா நீ கடைசி வரைக்கும் அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. பாவம், ஆசை ஆசையா செஞ்சிருக்கார்."