பெயர் தெரியாத முழங்கை

ஒரு நாகரிகத்தின் உயரத்தை, அது முழங்கைகளை எப்படி மதிக்கிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். அந்த வகையில் எங்கள் நகரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒற்றை முழங்கைக்காக ஏழு பேர் கொண்ட குழு, ஒன்றரை வருடம், பதினோரு கூட்டம். கூட்டக் குறிப்பு எழுதுபவன் என்ற முறையில் எல்லாவற்றையும் கூடவே உட்கார்ந்து பார்த்தவன் நான்.

குழுவின் முழுப் பெயர் 'நகரின் தொடக்க கால ராக் அண்ட் ரோல் இசைஞர்களுள் கவனிக்கப்படாதோரைக் கவனிக்கும் குழு'. பலகையில் இடம் போதாமல் 'கவனிக்கும் குழு' என்று மட்டும் எழுதி மாட்டினார்கள். யாரையோ 'கவனிக்க'ப் போகிறார்கள் என்று பயந்து, முதல் மாதம் அந்த வராந்தாப் பக்கம் ஒரு ஆள்கூட வரவில்லை. ஆய்வுக்குத் தேவையான அமைதி இப்படித்தான் கிடைத்தது.

தலைவர், குடிநீர்த் துறையில் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அவர் வீட்டில் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருக்கிறது. அது பாடாது. ஆனாலும் வேறு எந்த உறுப்பினர் வீட்டிலும் பாடாத பிளேயர்கூட இல்லாததால் தலைவர் பதவி அவருக்கே போனது. அவருக்கு வலப்பக்கம் வல்லுநர் உட்காருவார். எதில் வல்லுநர் என்று கேட்கிற அளவுக்கு எங்களில் யாரும் வல்லுநர் இல்லை.

அறுபது வருடத்துக்கு முன்பு, ரயிலடி ஹோட்டலின் நடனக் கூடத்தில் ஐந்து வாலிபர்கள் சனிக்கிழமை தோறும் வாசித்திருக்கிறார்கள். கூடத்தின் பலகைத் தரை இரண்டு தடவை உடைந்ததாகச் சொல்கிறார்கள். வானொலி நிலையம் அவர்களை ஒருமுறை பதிவு செய்தது. அடுத்த வாரமே அதே நாடாவின் மேல் கோழி வளர்ப்பு பற்றிய உரையைப் பதிவு செய்தது. மிஞ்சியது ஒரே ஒரு புகைப்படம்.

படத்தில் நான்கு முகங்கள் தெளிவாக இருக்கின்றன: பாடகர், கிதார்காரர், பியானோக்காரர், பேஸ் கிதார் வாசித்தவர். டிரம்ஸ் வாசித்தவருடைய முகத்தைப் பாடகரின் தலை மறைக்கிறது. தெரிவது ஒரு முழங்கை, ஒரு குச்சி, பாதி டிரம், காலால் மிதித்தால் மோதிக்கொள்ளும் ஜோடித் தட்டு. படத்தின் பின்பக்கம் ஐந்து பெயர்கள் எழுதியிருந்தன. ஐந்தாவது பெயரின் மேல் எங்கள் அலுவலகத்தின் 'பெறப்பட்டது' முத்திரை விழுந்துவிட்டது. குத்தியவன் நான். முத்திரை மிக நேராக விழுந்திருப்பதாகத் தலைவர் பாராட்டினார்.

மற்ற நால்வரில் யாராவது உயிரோடு இருந்தால் கேட்கலாமே என்று ஓர் உறுப்பினர் சொன்னார். உயிரோடு இருப்பவர்களை விசாரித்தால் ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும் என்று வல்லுநர் விளக்கியதும் அவரே வெட்கப்பட்டு உட்கார்ந்துவிட்டார்.

வல்லுநர் சும்மா இருக்கவில்லை. உலகத்தில் அந்த ஜோடித் தட்டு டிரம்ஸ்காரரின் இடது பக்கம்தான் இருக்கும்; இந்தப் படத்தில் வலது பக்கம் இருக்கிறது; ஆகவே படம் இடவலமாக மாறி அச்சாகியிருக்கிறது என்று கண்டுபிடித்தார். உடனே படத்தைத் திருப்பிப் போட்டு, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கீழே நால்வர் பெயரோடு சுவரில் மாட்டச் சொன்னார். இப்போது தட்டு சரியான இடத்துக்கு வந்தது. கிதார் வைத்திருந்த இரண்டு பேரும் இடது கைக்காரர்கள் ஆனார்கள். எல்லோருடைய கோட்டுப் பையும் வலது மார்புக்குப் போனது. வல்லுநர் அசரவில்லை. 'கலகத்தின் இடது கை' என்று நாற்பது பக்கம் எழுதி அச்சுக்கு அனுப்பினார்.

முகம் தெரியாதவருக்குத்தான் முதல் மரியாதை என்று சிலை வைக்கவும் முடிவானது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வழவழவென்று வெண்கலம், தூக்கிய முழங்கை, பீடத்தில் 'பெயர் தெரியாத டிரம் கலைஞர்'. பார்த்தால் அழுகை வரும். தலைவருக்கு வந்தது.

ஒன்பதாவது கூட்டத்தின்போது இரண்டு கிழவர்கள் உள்ளே வந்தார்கள். ஒருவர் லிஃப்ட் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அவர் மனைவியின் அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கூட்டம் நடக்கிறது என்றேன். அதற்குத்தான் வந்தோம் என்றார்கள்.

"அந்த முழங்கை என்னுது சார்," என்றார் லிஃப்ட்காரர்.

ஆதாரம் கேட்டார் வல்லுநர். லிஃப்ட்காரர் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். நான்கு உறுப்பினர்கள் எழுந்து போய்ப் படத்தையும் முழங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முழங்கைக்கு வயதாகியிருப்பதாகக் குறிப்பில் பதிவானது.

கண்ணாடிக் கடைக்காரர் பொறுமை இழந்தார். "சார், மொதல்ல படத்தை நேரா மாட்டுங்க. அதோ பேஸ் வச்சிட்டு நிக்கறது நான்தான். எனக்கு ரைட் கை. மாப்ள ஒருத்தர்தான் லெஃப்ட்டு, அதான் தட்டை மாத்தி வைப்பாரு. ஒருத்தர சரி பண்றேன்னு மத்த எல்லாரையும் கோணலாக்கி வச்சிருக்கீங்க."

லிஃப்ட்காரர் மேஜையிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்தார். ஃபைல் ஒன்று, தண்ணீர் ஜாடி ஒன்று, என்னுடைய டிபன் பாக்ஸ் ஒன்று: இவைதான் டிரம்ஸ். இடது கையில் தொடங்கினார். இரண்டு நிமிடம் இருக்கும். மேஜைக்கு அடியில் ஏழு ஜோடிக் கால்களும் தாளம் போட்டதை நான் குறிப்பில் எழுதினேன். தலைவர் பிற்பாடு அந்த வரியை அடிக்கச் சொன்னார்.

சந்தேகம் தீர்ந்தது. சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சிலை வார்த்தாகிவிட்டது, இனி மூக்கு வைக்க இடமில்லை. புத்தகம் அச்சில். சிலையைத் திறந்துவைக்கப்போகும் அமைச்சரின் உரையில் 'பெயர் தெரியாத' என்ற சொல் பதினாறு இடத்தில் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் கைதட்டலுக்கு இடைவெளி விட்டிருக்கிறது.

தலைவர் உருக்கமாகச் சொன்னார்: "ஐயா, உங்கள மாதிரி மறக்கப்பட்ட ஒருத்தரத்தான் ஒன்றரை வருஷமா தேடினோம். நீங்க பாட்டுக்குத் திடீர்னு கெடைச்சுட்டா, மறக்கப்பட்டவருக்கு நாங்க எங்க போறது?"

"சிலையெல்லாம் உங்க இஷ்டம் சார். படத்துக்குக் கீழ நாலு பேரு பேர் போட்டிருக்கீங்க. அஞ்சாவதா என் பேரையும் போடுங்க, போதும்." மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். "என் பொண்ணு நம்ப மாட்டேங்கறா. நான் டிரம்ஸ் அடிச்ச கதைய ஆரம்பிச்சாலே, மாத்திரை போட்டீங்களாப்பான்னு கேக்கறா. ஒரு தடவ அவளக் கூட்டிட்டு வந்து செவுத்துல காட்டணும்."

அவர்களை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு மூன்றாம் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். மனுதாரரே அந்த டிரம் கலைஞர் எனக் குழு ஐயமற ஏற்கிறது. அவரைப் போற்றும் வகையில் அவரது பெயர் தெரியாத நிலையைத் தொடர்ந்து பாதுகாக்கிறது. உறுப்பினர்களும் ஊழியர்களும் இதைப் பொது இடத்தில் உறுதிப்படுத்த மாட்டார்கள். எதிர்ப்பு இல்லை.

வெளியே வந்து தலைவர் லிஃப்ட்காரர் தோளில் கைபோட்டு, விழாவில் முதல் வரிசையில் நாற்காலி உண்டு என்று மட்டும் சொன்னார். லிஃப்ட்காரர் அதைப் பெயர் போடுவதாகவே எடுத்துக்கொண்டார். எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். என் கையையும்.

விழா காலை பத்து மணிக்கு. நான் வாசலில் விருந்தினர் பட்டியலோடு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட்காரர் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில், மகளோடு வந்தார். மகள் ஆஸ்பத்திரி லேபில் வேலை. அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

காவலாளி பெயர் கேட்டார். அவர் தன் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. தீர்மானம் இன்னும் அமலில் இருக்கிறது. காவலாளி என் மேஜையிலிருந்த பட்டியலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார்.

"உங்க பேர் இதுல இல்லையே ஐயா."

பட்டியலில் இருந்தது இதுதான்: 'பெயர் தெரியாத டிரம் கலைஞர் – முதல் வரிசை, நாற்காலி 4.' லிஃப்ட்காரர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

மகளும் பார்த்தாள். "சார், எங்கப்பா உங்க கமிட்டிக்கு வந்தாராமே. படத்துல இருக்கறது அவர்தானா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

என் டிபன் பாக்ஸில் அவர் அடித்த பள்ளம் இன்னும் இருக்கிறது. ஆனால் நான் பொறுப்புள்ள ஊழியன்.

"விழா முடிஞ்சதும் ஆபீஸ்ல வந்து எழுதிக் குடுங்கம்மா," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. அதுதான் மோசம். அப்பாவின் கையைப் பிடித்து, குழந்தைக்குச் சொல்வதுபோல, "வாங்கப்பா, மாத்திரைக்கு நேரமாச்சு," என்றாள். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்கள்.

உள்ளே அமைச்சர் காலியாக இருந்த நான்காம் நாற்காலியைக் கைகாட்டி, 'இன்று அவர் நம்மோடு இல்லை' என்றார். அரங்கம் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்தது. வாசலிலிருந்து எனக்கு இரண்டும் தெரிந்தது: உள்ளே தலைகுனிந்து நின்ற முந்நூறு பேர், வெளியே பஸ்ஸுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அவர்.

இந்த நகரம் ஒரு கலைஞனை மறந்துவிட்டது என்று மறுநாள் பத்திரிகைகள் வருந்தின. அபாண்டம். மறதி தானாக வரும். யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. இதற்கு எட்டுப் பேர் பேனா எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஏழு பேர் உறுப்பினர்கள். எட்டாவது கையெழுத்து என்னுடையது.